வனத்தின் வாசலில் ஓர் ஆள்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து நடுத்தரக் குடும்பங்களில், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் உத்தியோகம் பார்க்கத் தொடங்கிய பிறகு, விடுமுறை என்றால் பழனிக்கும் இராமேசுவரத்துக்கும் போய் வருவது என்றிருந்த பழைய ஏற்பாடு மெல்ல மாறி, கடல் கடந்து ஏதாவதொரு தீவில் நாலைந்து நாள் தங்கி வருவது என்னும் புதிய வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இதில் எனக்கு ஆக்ஷேபம் ஒன்றுமில்லை. சிறுவாச்சூரில் காரில் ஏறித் திருச்சி விமான நிலையம் சென்று விமானம் பிடிப்பவர், அதே நேரத்தில் புறப்பட்டு ஊட்டிக்குப் போகிறவர் மலையேறி முடிப்பதற்கு முன்பாகவே கொழும்பில் இறங்கிவிடலாம் என்கிற இக்காலத்தில், இலங்கையை அந்நிய தேசம் என்று எண்ணித் தயங்குவதற்கும் நியாயமில்லை. ஆனால் இந்தப் பிரயாணங்களின் நிகழ்ச்சி நிரலில், கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே, வழிகாட்டியுடன் மழைக்காட்டு நடை என்று ஒரு காலைப்பொழுது செருகப்பட்டிருக்கிறதே, அதைப் பற்றித் திரும்பி வந்தவர்கள் சொல்வதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. காட்டில் பார்க்க ஒன்றுமே இல்லை, அட்டை கடித்ததுதான் மிச்சம், கூடவே வந்த ஆளுக்கு வேறு தனியாகப் பணம் அழுதோம் என்பது அவர்கள் கட்சி. அந்த ஆள் இல்லாவிட்டால் காடே இல்லை என்பது என் கட்சி. நம் ஊர் மலைகளிலும் பாறைக்காடுகளிலும் அப்படி ஓர் ஆளை நிறுத்தாமல் எவரையும் உள்ளே விடக்கூடாது என்றும் நான் கருதுகிறேன்.

அவர்கள் போய் வந்த இடம் பெரும்பாலும் சிங்கராஜ வனம். இலங்கையின் தென்மேற்கே இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்கள் கூடுமிடத்தில், கிழக்கு மேற்காக 21 கிலோமீட்டர் நீண்டும், வடக்கு தெற்காக ஏழு கிலோமீட்டருக்கு மேற்படாத குறுகிய பட்டையாகவும் கிடக்கும் இந்த வனம், 1875-ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசாங்கத்தால் ஒதுக்கி வைக்கப்பட்டது. 1978-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும், 1988-இல் உலக மரபுச் செல்வமாகவும் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றது. அப்போது கணக்கிடப்பட்ட பரப்பு ஏறத்தாழ 8,800 ஹெக்டேர். ஒரு காலத்தில் அத்தீவின் ஈரப் பகுதி முழுவதையும் போர்த்திருந்த ஆதிவனத்தில், இன்றைக்கும் தன் காலில் தானே நிற்கக்கூடிய அளவுக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆண்டு மழை 1000 மில்லிமீட்டரைக்கூட எட்டாத நம் சீமையிலிருந்து போகிறவனுக்கு, 3600 முதல் 5000 மில்லிமீட்டர் வரை மழை கொட்டும் ஓரிடம் என்பதே முதல் ஆச்சரியம். அங்குள்ள மரங்களில் பாதிக்கும் மேற்பட்ட வகைகள் உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காதவை என்பது, அங்கே யாராவது எடுத்துச் சொன்னாலொழியத் தெரியாத இரண்டாவது ஆச்சரியம்.

குடாவ வாசலிலோ தெனியாயப் பக்கத்து வாசலிலோ வனத்துறையாரிடம் நுழைவுச்சீட்டு வாங்குகிறபோதே வழிகாட்டி ஒருவரும் கூடவே வருவார்; அவரில்லாமல் உள்ளே செல்ல அனுமதியில்லை. இந்த விதியைக் கேட்டதும் நம்மவர்களுக்கு முதலில் வருவது கோபம். பணம் கொடுத்தாயிற்று, பாதை கண்ணுக்குத் தெரிகிறது, கையில் தொலைபேசியும் வரைபடமும் இருக்கின்றன, இடையில் இவர் எதற்கு என்று கேட்கிறார்கள். இதைச் சிறுவாச்சூர்க்காரர் கேட்பதுதான் எனக்கு வியப்பு. நம் மதுரகாளியம்மன் சந்நிதி திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும், மற்றும் விசேஷ தினங்களிலும் மட்டுமே திறக்கும். ஏனைய நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் வாசம் செய்கிறாள் என்பது ஐதிகம். சென்னையிலிருந்து ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வந்து நிற்பவர், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், பூட்டிய கதவுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதற்காக எவரும் சண்டை பிடிப்பதில்லை. ஊரிலேயே அரிசியை இடித்து மாவிளக்கு ஏற்றுகிற சம்பிரதாயத்தையும், எந்தப் பூஜைக்கு முன் எது நடக்க வேண்டும் என்கிற கிரமத்தையும் பூசாரியைக் கேட்டுத்தான் செய்கிறோமே தவிர, நாமாகவே கருவறைக்குள் புகுந்து பார்த்துக்கொள்வோம் என்று ஒருவரும் துணிவதில்லை. ஓரிடம் தன்னைக் காண்பதற்கு நாளும் முறையும் வகுத்துக்கொள்ளலாம் என்பதை இத்தனை தலைமுறையாக ஒப்புக்கொண்டிருக்கிற ஓர் ஊரில் பிறந்துவிட்டு, காட்டு வாசலில் மட்டும் உரிமை பேசுவது பொருந்தவில்லை.

காட்டில் ஒன்றுமே இல்லை என்கிற குற்றச்சாட்டு சற்று விரிவாக ஆராயத்தக்கது. நம் பூமி கரிசல் பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற திறந்த வெளி. சாலையில் நின்றால் அடிவானம் வரையில் பார்வை தடையின்றி ஓடும். தொலைவில் ஒரு பொருள் அசைந்தால் அது மாடா மனிதனா என்று அக்கணமே சொல்லிவிடப் பழகிய கண்கள் நம்முடையவை. மழைக்காட்டிலோ பத்தடிக்கு அப்பால் பார்வை செல்லாது. நாகமரமும் பலவகைக் குங்கிலிய இனத்து நெடுமரங்களும் நூறடிக்கு மேல் எழும்பி மேலே கூரை வேய்ந்துவிட, அதன் கீழே இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்று மரங்கள் ஒன்றன் நிழலில் ஒன்று வளர்ந்து, தரைக்கு வந்து சேருகிற வெளிச்சம் அந்திப்பொழுதின் வெளிச்சமாகவே இருக்கிறது. மிருகக்காட்சிச் சாலையில் கூண்டுக்குக் கூண்டு நடந்து பழகியவர்கள் அங்கே யானையையும் சிறுத்தையையும் தேடி ஏமாறுவது இயற்கையே. சிறுத்தை அங்கே உண்டு. ஆனால் அது நமக்குக் காட்சி கொடுப்பதற்காக உலவுவதில்லை.

அந்தக் காட்டில் முதலில் வேலை செய்ய வேண்டியது காது. நான் சென்றபோது எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி, அடிவாரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நாங்கள் தமிழர் என்று அறிந்ததும் தமக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தைகளையும் தாராளமாகச் செலவழித்தார். வெகுநேரம் எதுவும் இல்லாதிருந்த பாதையில் திடீரென்று கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். சிறிது நேரத்தில், தவிட்டுக்குருவிகளின் கலகலப்பு ஒன்று தொலைவிலிருந்து நெருங்கி வந்தது. அதற்குப் பின்னால், தீக்காக்கையும், நீலமும் செம்பழுப்புமாக நெடுவால் கொண்ட காக்கை இனப் பறவையும், மரங்கொத்தியும், பெயர் தெரியாத சிறு பறவைகள் பலவுமாக ஒரு பெருங்கூட்டம், கிளைக்குக் கிளை தாவி இரை தேடிக்கொண்டே எங்கள் தலைக்கு மேலாகக் கடந்து சென்றது. ஐந்து நிமிஷத்தில் காடு மறுபடியும் வெறிச்சோடிவிட்டது. அவர் நிறுத்தியிராவிட்டால் நாங்கள் பேசிக்கொண்டே அடுத்த வளைவுக்குப் போயிருப்போம்; அதையும் ஒன்றுமே இல்லை என்கிற கணக்கில் சேர்த்திருப்போம்.

இந்தக் கலப்புக் கூட்டங்களைப் பற்றிப் பேராசிரியர் சரத் கொட்டகம 1980-களின் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்து வந்திருக்கிறார். ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பத்துக்கு மேற்பட்ட இனங்களும் நாற்பது அளவில் பறவைகளும் இருக்கும் என்பதும், ஆரஞ்சு நிற அலகுடைய தவிட்டுக்குருவிகளே அதற்கு மூலபலம் என்பதும் அவ்வாராய்ச்சியால் தெரிய வந்தவை. அக்கூட்டத்தோடு திரியும் கரிச்சான் குருவியின் சாமர்த்தியம் இன்னும் வினோதமானது. அது மற்ற இனங்களின் குரலைத் தன் குரலாக்கி ஒலித்து அவற்றைக் கூட்டத்துக்கு அழைத்துக்கொள்கிறது என்று கொட்டகமவும் எபன் குடேல் என்னும் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து நிரூபித்தார்கள். அட்டை கடித்ததுதான் மிச்சம் என்கிறவர்களின் தலைக்கு மேலே இத்தனையும் நடந்துகொண்டிருந்தது.

காதின் பெருமைக்கு இன்னொரு சாட்சியும் அந்த வனத்திலேயே உண்டு. தீபால் வாரகாகொட என்னும் பறவையியல் அறிஞர் 1995-இல் ஈரவலயக் காடொன்றில், தாம் அறிந்த எந்தப் பறவைக்கும் உரியதல்லாத ஒரு குரலை இரவில் கேட்டார். குரலுக்குரிய உருவத்தை அவர் நேரில் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜ வனத்தில்; அது உலகம் அதுவரை அறியாத ஒரு சிறிய செந்நிற ஆந்தை. 1868-க்குப் பிறகு இலங்கையில் புதிதாகக் கண்டறியப்பட்ட முதல் பறவை இனம் அதுவே. குரலுக்கும் காட்சிக்கும் இடையே ஆறு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன என்றால், மூன்று மணி நேர நடையில் எல்லாம் கண்ணுக்குப் பிரத்தியட்சமாக வேண்டும் என்று அடம்பிடிக்கிற நம்மைப் பற்றி என்ன சொல்வது!

அந்த ஆந்தைக்கு இட்ட விஞ்ஞானப் பெயர், தீலோ ஹாஃப்மன் என்பவரைக் கௌரவிப்பது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இலங்கையையே தம் வாழ்விடமாகக் கொண்ட அவருக்கு இந்தக் கௌரவம் ஏன் கிடைத்தது என்பதை அறிய, நாம் இன்று உல்லாசமாக நடக்கிற பாதையின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் இலங்கை அரசாங்கம், ஒட்டுப்பலகை ஆலைக்கு மரம் வேண்டும் என்று கருதி, சிங்கராஜ வனத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கியது. அதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் ஹாஃப்மன் முன்னணியில் நின்றார். விஞ்ஞானிகளும் பத்திரிகைகளும் பொதுஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். 1977-இல் வெட்டுவது நிறுத்தப்பட்டது. குடாவப் பக்கத்திலிருந்து ஆராய்ச்சி நிலையத்தை நோக்கிச் செல்லும் அகலமான பாதை, அன்று மரங்களை இழுத்துவரப் போட்ட வழியே ஆகும். அதன் இருமருங்கிலும், வெட்டப்பட்ட இடத்தில் தானாக முளைத்துத் தழைத்த இளங்காட்டையும், ஓரங்களில் குடுவை குடுவையாகத் தொங்கிப் பூச்சிகளை விழுங்கும் தாவரத்தையும் காணலாம். வனத்தின் எல்லையோரம் வேலியாக நட்ட அந்நிய பைன் மரங்களுக்குக் கீழே, பேராதனைப் பல்கலைக்கழகத்து நிமல், சாவித்திரி குணதிலக தம்பதியரும் அவர்களுடைய சகாக்களும் சுதேசி மரக்கன்றுகளை நட்டுப் பரீட்சித்து, ஆதிவனத்து மரங்களைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டு என்று காட்டியிருக்கிறார்கள். நல்ல வழிகாட்டி ஒருவர் இந்தப் பாதையில் எங்கே நின்றால் வெட்டுப்பட்ட காடும் வெட்டுப்படாத காடும் ஒருசேரத் தெரியும் என்பதை அறிந்திருப்பார். வெறும் பச்சை என்று நாம் ஒதுக்கியதற்குள் ஒரு தேசத்தின் வழக்கு விவகாரமே அடங்கியிருப்பது அப்போதுதான் புலனாகும்.

அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அட்டை கடிக்கும்; வலிக்காது; நெடுநேரம் இரத்தம் கசியும். முழங்கால் வரை வரும் துணியுறையைக் காலுக்கு மாட்டிக்கொண்டு, சவர்க்காரமோ உப்போ தடவிக்கொண்டால் பெரிய உபத்திரவம் இல்லை. ஆனால் பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாக்காரன் அட்டையைப் பற்றிப் புகார் செய்வதற்கு முன் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்திக்கொள்வது நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர் ஜில்லாக்களின் பஞ்சத்திலிருந்தும் கடனிலிருந்தும் தப்புவதற்காகக் கங்காணிகளின் பின்னே புறப்பட்ட நம் முன்னோர்கள், கடலைத் தாண்டி, தீவின் வடக்கிலிருந்து மத்திய மலைநாடு வரை காட்டு வழியாகவே கால்நடையாகச் சென்றார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மிஞ்சியவர்கள்தாம் முதலில் காப்பிக்காகவும், 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும், அந்த மலைகளில் இருந்த இதே ஜாதிக் காடுகளை வெட்டிச் சாய்த்தவர்கள். வெட்டச் சொன்னவர்கள் துரைமார், வெட்டியவர்கள் நம்மவர், அவர்கள் காலுக்கு உறையுமில்லை, சவர்க்காரமுமில்லை. தெனியாய, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் அவர்களுடைய சந்ததியார் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். சிங்கராஜ வனத்துக்குப் போகிற தமிழ்நாட்டுக் குடும்பங்கள், விடுதிக்காரர் காட்டும் வாசனைத் திரவியத் தோட்டத்தில் செலவிடும் ஒரு மணி நேரத்தை, அத்தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஒன்றில் போய் உட்கார்ந்து பேசுவதில் செலவிட்டால் அந்தக் காட்டைப் பற்றியே கூடுதலாகத் தெரிந்துகொண்டு வருவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வழிகாட்டிகள் அத்தனை பேரும் உத்தமர் என்று நான் வாதிக்க வரவில்லை. பறவையின் குரலைத் தொலைபேசியில் ஒலிபரப்பி, அது தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாகப் பதறி வெளியே வர, அந்தப் பதற்றத்தையே காட்சியாக்கி வெகுமதி வாங்குகிறவர்களும் அத்தொழிலில் உண்டு. குச்சியால் பச்சைப்பாம்பைச் சீண்டிப் படம் எடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் இந்தத் துர்ப்பழக்கங்களை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று யோசிக்க வேண்டும். எதையாவது காட்டு, கொடுத்த காசுக்குக் காட்டு என்று நச்சரிக்கிற பிரயாணிதான் கற்றுக்கொடுத்தார். பார்த்த மிருகங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வெகுமதி கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, நியாயமான கூலியை வாசலிலேயே நிர்ணயித்து, அது முழுவதும் அவர் கைக்கே சேரும்படி செய்தால் இவற்றில் பெரும்பகுதி குறையும். காட்டை ஒட்டிய கிராமத்தார் முன்பு அக்காட்டிலேயே கித்துள் பனையில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சியும், பிரம்பும் மூலிகையும் எடுத்தும் ஜீவித்தவர்கள். காட்டுக்குக் காவல் போட்டபோது அந்த ஜீவனத்தில் மண் விழுந்தது. அவர்கள் பிள்ளைகளுக்கே வழிகாட்டும் உத்தியோகம் கிடைப்பது தருமமல்ல, பாக்கியைத் தீர்ப்பது.

துணைக்கு ஆளில்லாமல் காட்டுக்குள் போகலாகாது என்கிற ஞானம் தமிழ்நாட்டில் நமக்கு ஒரு பெரிய விபத்துக்குப் பிறகுதான் வந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பற்றிய தீ, மலையேற்றத்துக்குச் சென்றிருந்தவர்களைச் சூழ்ந்துகொண்டு 20-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அதன் பிறகே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களின் துணையோடு மட்டுமே செல்லலாம் என்று ஏற்பாடு செய்ததை நான் மனமார வரவேற்கிறேன். கட்டணம் அதிகம் என்று முணுமுணுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பேசித் தீர்க்க வேண்டிய விஷயந்தான், பள்ளிப் பிள்ளைகளுக்காவது சலுகை வேண்டும். அதே 2024-இல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மின்-அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டிகள் போகக்கூடாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோதும் இதே முணுமுணுப்பு எழுந்தது. மலை தாங்கும் அளவு என்று ஒன்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு நீதிபதிகள் தேவைப்படுவதே வருத்தத்துக்குரியது.

இனி நம் வாசலுக்கு வருவோம். பெரம்பலூருக்கு மேற்கே, திருச்சி, சேலம் மாவட்டங்களுக்கும் சேர்த்துப் பரந்து கிடக்கிறது பச்சைமலை. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் அங்கே வெகுகாலமாகக் குடியிருந்து, எந்த மரம் எப்போது காய்க்கும், எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும் என்பதையெல்லாம் வாய்ப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இலாடபுரத்துக்கு மேலே மயிலூற்று அருவியில் தண்ணீர் விழும் மாதங்களில், கீழ்நாட்டிலிருந்து கூட்டங் கூட்டமாகப் போகிறவர்களில் எத்தனை பேர் அம்மக்களில் ஒருவரையாவது அழைத்துக்கொண்டு போகிறார்கள்? குளித்தோம், சாப்பிட்டோம், இலையையும் குப்பியையும் எறிந்துவிட்டு வந்தோம் என்பதற்கு மலை எதற்கு, வீட்டுக் குழாயடியே போதுமே.

நம் மாவட்டங்களில் விசேஷம் என்னவென்றால், கண்ணுக்கு மறைந்த காடும் ஒன்று இங்கே இருக்கிறது. சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கும் மரம், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. பிற்காலத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரான எம். எஸ். கிருஷ்ணன், 1940-இல் அதை உலகறியச் செய்தார். அம்மரம் உயிரோடிருந்த காலத்தில் இப்பகுதியைக் கடல் சூழ்ந்திருந்தது. ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரங்கள் அக்கடலடி வண்டலில் புதைந்து கல்லாயின. காரை, குளக்கால்நத்தம் பக்கத்துச் செம்மண் பள்ளங்களில் அக்கடலின் சங்குகளும் சுருள் ஓடுகளும் இன்றும் மழைக்கு மழை வெளிப்படுகின்றன. சிங்கராஜ வனத்திலாவது ஓர் இலை அசைந்து நம்மை நிறுத்தக்கூடும். காரையில் எதுவும் அசையாது. சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் அங்கே வெயிலும் சரளையும் மட்டுந்தான். அதனால்தான் வருகிறவர்கள் கைக்கு அகப்பட்டதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, யாரோ ஒருவர் வீட்டு மேசை இழுப்பறையில் அடைபட்டு, அடுத்த வெள்ளையடிப்பில் குப்பைக்குப் போகிறது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியோ 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துக்கள் குளிர்காலத்தில் அங்கே இறங்குகின்றன. கரையில் நின்று பார்க்கிறவனுக்கு அதை யாராவது சொல்ல வேண்டும், தொலைநோக்கி ஒன்றையும் கையில் கொடுக்க வேண்டும்.

ஆகையால் இரு மாவட்ட நிர்வாகங்களும் பெரிய கட்டடங்களைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஆட்களைப் பற்றி யோசிக்கட்டும். காரை, சாத்தனூர், இலாடபுரம், கரைவெட்டி ஆகிய நான்கு இடங்களிலும் அந்தந்த ஊரைச் சேர்ந்த பத்துப் பேரைத் தேர்ந்து, கல்லூரிகளின் புவியியல், தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்களைக் கொண்டு ஒரு பருவம் பயிற்சி கொடுக்கலாம். பச்சைமலையில் மட்டும், பயிற்சி கொடுப்பவர்கள் மலையாளிப் பெரியவர்களாகவும், பெறுகிறவர்கள் ஆசிரியர்களாகவும் இருந்தால் இன்னும் பொருத்தம். நுழைவாயிலில் ஒரு பதிவேடு, அச்சிட்ட கூலி விகிதம், துணையின்றிப் பிரவேசம் இல்லை என்றொரு பலகை, திரும்பும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும் என்றொரு நிபந்தனை ஆகியவற்றுக்கு ஆகிற செலவு அதிகமில்லை. வாரத்தில் இரண்டு நாட்களாவது அந்த இடங்களைப் பூட்டி வைக்கவும் வேண்டும். எந்த இரண்டு நாட்கள் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை; திங்களும் வெள்ளியும் என்று வைத்தால், அன்று வந்து ஏமாறுகிறவர்களுக்குச் சிறுவாச்சூரில் கோயிலாவது திறந்திருக்கும்.